பூனைக்காலி: ஏழு தண்ணீர் கண்ட பயறு

எட்டாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் சட்டைக் காலருக்குள் யாரோ பூனைக்காலிக் கொடியின் சுணையை, அதாவது காயின் மேலிருக்கும் அரிக்கும் முடியை, தட்டிவிட்டார்கள். முதல் பாடவேளை முடிவதற்குள் அவன் கழுத்து தடித்துச் சிவந்துவிட்டது. வாத்தியார் கிணற்றடிக்கு அனுப்பினார். தண்ணீர் பட்டதும் சுணை முதுகுக்கும் இறங்கியது. கடைசியில் பள்ளிக்கூடத்து ஆயா மாட்டுச் சாணியைக் குழைத்து அப்பி, காயவிட்டு, பொருக்கோடு உரித்தெடுத்தார். சாணியோடு சுணையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இன்றைக்கு அந்த வேலைக்குச் சாணி தேவையில்லை, ஒட்டும் டேப் போதும். தேய்க்காமல், சொறியாமல், டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்த பிறகுதான் கழுவ வேண்டும்.

அந்தக் கொடியின் விதையைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அதற்குப் பிறகு இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் எங்கோ தூர தேசத்தில் இல்லை. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மலையில்.

பூனைக்காலியின் தாவரவியல் பெயர் மியூக்குனா புரூரியன்ஸ். புரூரியன்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே அரிப்பெடுக்கச் செய்வது என்றுதான் பொருள். நெற்றைப் பார்த்தால் பழுப்பு முடி மூடி, லேசாக வளைந்து, பூனையின் கால் போலவே இருக்கும். வடமொழியில் கபிகச்சு என்பார்கள்: குரங்குக்கு நமைச்சல் தருவது. மலையாளத்தில் நாய்க்குரணை, சிங்களத்தில் வந்துரு மே, அதாவது குரங்குப் பயறு. பூனை, நாய், குரங்கு என்று ஊருக்கு ஒரு மிருகம் வந்திருக்கிறதே தவிர, மனிதன் சாப்பிடுவான் என்று பெயர் வைத்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

இரண்டு பூனைக்காலி

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். வேலியோரத்திலும் புதர்க்காட்டிலும் தானாகப் படர்வது சுணை உள்ள காட்டு வகை. அந்தச் சுணையில் மியூக்குனைன் என்ற, புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது. தோலில் சுணை குத்தியதும் அது நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. கொசுக்கடி, ஒவ்வாமை போன்றவற்றில் அரிப்பைத் தருவது ஹிஸ்டமின். இதன் அரிப்பு வேறு வழியில் வருவதால், வழக்கமான அலர்ஜி மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது.

விவசாயிகள் பயிரிடுவது வேறு வகை. அதன் நெற்றில் வெல்வெட் துணி போல மெல்லிய ரோமம் இருக்கும், ஆனால் அரிக்காது. ஆங்கிலத்தில் வெல்வெட் பீன் என்ற பெயர் அதனால் வந்ததுதான். விதை கறுப்பாக, வெள்ளையாக, அல்லது புள்ளி போட்டதாக, மொச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒரு விதை ஏறக்குறைய ஒரு கிராம். இந்த ஒரு கிராம் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் தெரிந்திருக்கும். ரப்பர் தோட்டத்தில் மண் அரிக்காமல் இருக்க மூடுபயிராகப் படரவிடும் கொடி. அதையும் மியூக்குனா என்றே சொல்வார்கள். அது பிராக்டியேட்டா என்ற வேறு இனம். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சத்துக் கணக்கு

சத்தைப் பொறுத்தவரை பூனைக்காலி நல்ல ஜாதிப் பயறு. நூறு கிராம் காய்ந்த விதையில் 20 முதல் 30 கிராம் வரை புரதம் இருக்கிறது. துவரம்பருப்பிலும் கொள்ளிலும் 22 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். மாவுச்சத்து பாதிக்கு மேல், கொழுப்பு ஐந்து கிராம் சொச்சம், நார்ச்சத்தும் பொட்டாசியமும் தாராளம். எல்லாப் பயறுகளையும் போல இதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய, மெத்தியோனின் குறைவு. அரிசியிலும் தினையிலும் நேர்மாறாக இருப்பதால் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டும். சாம்பார் சாதத்துக்குச் சொல்லும் அதே கணக்குதான்.

இந்த எண்களெல்லாம் வேகவைக்காத விதைக்கானவை. உண்ணும் பக்குவத்துக்கு வருவதற்குள் பல முறை வடிக்க வேண்டியிருப்பதால் பொட்டாசியமும் தண்ணீரில் கரையும் வைட்டமின்களும் கணிசமாகப் போய்விடும். புரதம் பெரும்பாலும் தங்கும். புரதத்துக்காகச் சாப்பிடலாம், மற்ற சத்துகளை இதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

மண்ணுக்கு இது இன்னும் நல்லது. வேர் முடிச்சில் நைட்ரஜனைச் சேர்க்கிறது, அடர்ந்து படர்ந்து களையை அமுக்குகிறது, வறட்சி தாங்குகிறது. தழைச்சத்துக்காக இதை விதைத்து மடக்கி உழுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். மடக்கி உழுவது சரி, விளைந்த விதையை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் விஷயம் சிக்கலாகிறது.

விதைக்குள் ஒரு மாத்திரை

1913இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்க்கஸ் குக்கன்ஹைம் என்ற வேதியியலர் ஃபாவா அவரையிலிருந்து ஒரு வெண்ணிறப் பொருளைப் பிரித்தெடுத்தார். பெயர் எல்-டோபா. முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சரி என்று தானே இரண்டரை கிராமை விழுங்கினார். குமட்டல், வாந்தி. அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்களின் துணிச்சலைப் பாராட்டுவதா திட்டுவதா என்று தெரியவில்லை.

1920இல் அமெரிக்காவில் மில்லர் என்பவர் அங்கே மாட்டுத் தீவனமாக விளைந்த ஜார்ஜியா வெல்வெட் பீனிலிருந்து அதே பொருளை எடுத்தார். 1937இல் நம் சென்னை சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில், தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்து ஒரு ஆங்கில ஆய்விதழில் எழுதினார்கள். சேப்பாக்கம் என்றால் எல்லோருக்கும் கிரிக்கெட்தான் ஞாபகம் வருகிறது.

இதெல்லாம் நடந்தபோது எல்-டோபா எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாது. 1950களின் பிற்பகுதியில்தான் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன், மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்தால் உடல் அசைவு முடங்குகிறது என்றும், எல்-டோபா கொடுத்தால் மீள்கிறது என்றும் முயல்களில் காட்டினார். அதற்காக 2000இல் நோபல் பரிசு பெற்றார். டோபமினை நேரடியாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. எல்-டோபா நுழையும், உள்ளே போய் டோபமினாக மாறும். 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ், உடல் அசைவை முடக்கும் பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கு இதைப் பெரிய அளவில் கொடுத்து, எழுந்து நடக்க முடியாதவர்களை நடக்க வைத்தார். இன்றுவரை அந்த நோய்க்கு முதன்மையான மருந்து அதுதான். லீவோடோபா என்று மாத்திரைப் பட்டையில் பார்த்திருப்பீர்கள்.

இப்போது அந்த ஒரு கிராம் விதைக்கு வருவோம். பூனைக்காலி விதையின் எடையில் சுமார் 3 முதல் 7 சதவீதம் எல்-டோபா. நான்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு விதையில் 40 மில்லிகிராம். சாதாரணமாக எழுதித்தரும் ஒரு லீவோடோபா மாத்திரையில் 100 மில்லிகிராம். அதாவது இரண்டரை விதையில் ஒரு மாத்திரையின் அளவு. குக்கன்ஹைம் வாந்தியெடுத்த இரண்டரை கிராமுக்கு அறுபது விதை சொச்சம் போதும். ஒரு ஆள் ஒரு வேளைக்குச் சுண்டலாகச் சாப்பிட எடுக்கும் பயறும் ஏறக்குறைய அதே அளவுதான்.

மாத்திரையில் லீவோடோபா தனியாக வராது என்பதையும் சொல்ல வேண்டும். கார்பிடோபா என்ற துணைமருந்தும் கூடவே இருக்கும். அது எல்-டோபா வயிற்றிலும் ரத்தத்திலுமே டோபமினாக மாறிவிடாமல் தடுக்கிறது. விதையில் அந்தக் காவல்காரன் இல்லை. எனவே பெரும்பகுதி உடம்பிலேயே டோபமினாகி, குமட்டலைத் தருகிறது, ரத்த அழுத்தத்தை இறக்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. மூளைக்குப் போய்ச் சேரும் மிச்சம் அளவு மீறினால் தூக்கம் கெடும், பதற்றம் வரும், இல்லாதது கண்ணில் தெரியும்.

செடி எதற்கு இதைச் செய்து வைத்திருக்கிறது? பூச்சிகளுக்கும் பக்கத்தில் முளைக்கும் களைகளுக்கும் எதிராக. வேரிலிருந்துகூட எல்-டோபாவைக் கசியவிட்டு மற்றச் செடிகளின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. களையை அமுக்கும் என்று மேலே சொன்னதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

வெந்தால் போவதும், வடித்தால் போவதும்

பயறுகளில் வேண்டாதவை இருப்பது பூனைக்காலியில் மட்டும் இல்லை. வேகாத ராஜ்மாவைச் சாப்பிட்டு வாந்தி எடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது, அதுதான் முக்கியம்.

ராஜ்மாவில் தொல்லை தருவது லெக்டின் என்ற புரதம். முட்டை வெந்தால் கெட்டியாவது போல, நன்றாகக் கொதித்தால் அந்தப் புரதம் உருமாறிச் செயலிழந்துவிடும். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்களும் அப்படியே. இவை வெந்தால் போகிறவை. குக்கரில் நாலு விசில் விட்டால் கவலை தீர்ந்தது. பூனைக்காலியிலும் இவை இரண்டும் உண்டு, இவற்றுக்குக் குக்கர் போதும்.

எல்-டோபா அந்தக் கூட்டத்தில் சேராது. அது புரதமில்லை, சிறிய மூலக்கூறு. சூடு அதைப் பெரிதாக அழிப்பதில்லை. ஆனால் தண்ணீரில், அதுவும் சுடுதண்ணீரில், கரையும். எனவே குக்கரை மூடி ஒரு மணி நேரம் வேகவைத்தாலும், விதையிலிருந்து வெளியே வந்த டோபா அதே தண்ணீரில்தான் நிற்கிறது. பயறு பஞ்சு போல வெந்திருக்கும், மாத்திரையும் அப்படியே இருக்கும். மெத்தென்று வெந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பதுதான் இதில் நடக்கும் முதல் தவறு.

கேசரிப் பருப்பும் இந்த இரண்டாவது ரகம்தான். அதில் இருப்பது வேறு நஞ்சு, கால்களை முடக்கக்கூடியது. அதற்கும் ஊறவைத்து, கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டுவதே வீட்டு வழி.

நம் சமையலறைப் பழக்கம் இங்கே குறுக்கே நிற்கிறது. பயறு வெந்த தண்ணீரைக் கொட்டினால் எங்கள் வீட்டில் திட்டு விழும். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம், தட்டைப்பயறு வடித்த தண்ணீரில் குழம்பு. "சத்தெல்லாம் தண்ணியிலதான் இருக்கு" என்று கேட்டே வளர்ந்தோம். பூனைக்காலியிலும் அந்த வாக்கியம் உண்மைதான். அந்தத் தண்ணீரில் இருப்பதுதான் வேறு.

ஏழு தண்ணீர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் காணிக்காரர், பளியர், காடர் போன்ற பழங்குடி மக்கள் இந்த விதையை உணவாகக் கொண்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குறைந்தது ஏழு முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைப்பது வழக்கம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஏழு என்றதும் சடங்கு எண் போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை.

ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு கொதியிலும் விதையில் இருக்கும் டோபாவில் பாதி தண்ணீருக்கு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 4 சதவீதம். முதல் தண்ணீரைக் கொட்டியதும் 2. இரண்டாவதில் 1. பிறகு 0.5, 0.25, 0.125. ஆறாவதில் 0.06. ஏழாவதில் 0.03. உணவாக உண்ணும் பூனைக்காலியில் டோபா 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு. ஐந்து தண்ணீரில் நின்றால் கோட்டுக்கு மேலே நிற்கிறோம். ஆறில் தாண்டுகிறோம். ஏழாவது ஒரு கை காவல்.

ஏழு பங்குத் தண்ணீரையும் ஒரே தடவை ஊற்றிக் கொதிக்கவைத்து ஒரே தடவை கொட்டினால்? ஒரு பங்குத் தண்ணீரும் விதையும் டோபாவைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால், ஏழு பங்குத் தண்ணீர் எட்டில் ஏழு பங்கை எடுக்கும், விதையில் எட்டில் ஒரு பங்கு தங்கும்: 0.5 சதவீதம். தண்ணீர் அதே அளவுதான், மிச்சம் பதினைந்து மடங்குக்கும் மேல். துணி துவைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய அண்டாவில் ஒரு தடவை முக்குவதைவிடச் சின்ன வாளியில் மூன்று தடவை அலசினால் சோப்பு நன்றாகப் போகும்.

நிஜத்தில் ஒவ்வொரு கொதியிலும் சரியாகப் பாதி போகாது. முழு விதையாகப் போட்டால் தடித்த தோல் தடுக்கும். வெறும் பச்சைத் தண்ணீரில் முழு விதையை ஊறவைப்பதால் கிடைப்பது கொஞ்சம்தான். உடைத்து, தோல் நீக்கி, இரண்டு மூன்று துண்டாக்கிப் போட்டால் வேகமாக வெளியேறும். சமையல் சோடா கரைத்த தண்ணீரிலோ புளித்தண்ணீரிலோ ஊறவைத்துப் பிறகு வேகவைத்த சோதனைகளிலும் டோபா குறைந்தது.

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு காணிக் குடியிருப்பில், நண்பர் ஒருவர் மூலம், இதைச் சின்ன வயதில் சாப்பிட்ட ஒரு பாட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது ரேஷன் அரிசி வருகிறது, யாரும் இதை வேகவைப்பதில்லை என்றார். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "வெள்ளத்த ஊத்திக் களை, பின்னயும் வை. அவ்வளவுதான் மக்களே" என்று சிரித்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி அடுப்பில் வை என்று அர்த்தம். எத்தனை தடவை என்று விடாமல் கேட்டேன். எண்ணியதில்லையாம். காலையில் அடுப்பில் வைத்தால் பொழுது சாயும்போது எடுப்பார்களாம்.

வீட்டுக்கு வந்து நான் எண்ணிப் பார்த்தேன். நண்பரின் தோட்டத்தில் விளைந்த, மருந்து கலக்காத விதை கால் கிலோ. ஒரு ராத்திரி ஊறவைத்து, தோலை உரித்து, அம்மிக்குழவியால் தட்டி உடைத்துக்கொண்டேன். முதல் கொதியில் தண்ணீர் பில்டர் காபி டிகாஷன் போல ஆகிவிட்டது. டோபா காற்றுப் பட்டு ஆக்ஸிஜனோடு சேரும்போது கறுக்கும். நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் உருவாவதும் இதே வழியில்தான். இரண்டாவது கட்டன் சாயா. நான்காவது பனங்கற்கண்டு கரைத்த நிறம். ஒவ்வொன்றும் அரை மணி நேரம் கொதித்தது. ஏழாவது தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக இருந்தது. கேஸ் அடுப்பில் மொத்தம் மூன்றரை மணி நேரம். மலையில் விறகு காசில்லாமல் கிடைத்தது, சிலிண்டர் அப்படிக் கிடைப்பதில்லை.

தேங்காயும் வற்றல் மிளகாயும் போட்டுத் தாளித்து இரண்டு கரண்டி சாப்பிட்டேன். மொச்சையின் சுவையை நினைத்துக்கொண்டு உருளைக்கிழங்கைத் தின்பது போல இருந்தது. எவர்சில்வர் பாத்திரத்தின் உள்விளிம்பில் படிந்த கறுப்பு வளையம் புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

தண்ணீர் தெளிவதை மட்டும் நம்ப வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிறத்தில் பாதி தோலின் துவர்ப்புச் சத்தாலும் வருகிறது. வெள்ளை விதையில் முதல் தண்ணீரே அவ்வளவு கறுக்காது, ஆனால் டோபா இருக்கும். வீட்டில் டோபாவை அளக்க வழியில்லை. அதனால்தான் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது, தோலோடும் முழுதாகவும் போடக் கூடாது, முதல் தடவை இரண்டு கரண்டிக்கு மேல் போகக் கூடாது. தழையுரத்துக்கு என்று கடையில் விற்கும் விதையில் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கலாம். அதைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

ஜாவாத் தீவில் இதற்கு இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே இந்தப் பயறு பெங்குக். யோக்யகர்த்தா பக்கம் அதை வேகவைத்து, தோலுரித்து, நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, மறுபடி வேகவைத்து, ஒரு வகைப் பூஞ்சையைச் சேர்த்து இலையில் பொதிந்து புளிக்கவைக்கிறார்கள். பூஞ்சை இழைகள் பயறுகளைக் கட்டி போலப் பிணைத்துவிடும். அதுதான் தெம்பே பெங்குக். பிறகு தேங்காய்ப்பாலில் வேகவைக்கிறார்கள். நம் இட்லி மாவுக்கு இருக்கும் பொறுமையைப் போல மூன்று மடங்கு பொறுமை வேண்டும். அங்கும் அடிப்படை மாறவில்லை. புளிக்கவைப்பதற்கு முன்னால் எத்தனை தண்ணீர் கொட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

தண்ணீர் இல்லாத ஊரில்

1989இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் திடீரென்று இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மனப்பிறழ்வு போன்ற அறிகுறிகள் வந்தன. குழப்பம், கலவரம், இல்லாததைக் காண்பது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பஞ்சம் வேறு. விசாரித்தபோது எல்லோரும் பூனைக்காலி விதை சாப்பிட்டிருந்தார்கள். அந்த மக்களுக்கு இந்த விதை புதிதில்லை. பல முறை கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பதும் தெரியாததில்லை. ஆனால் வறட்சி. கொட்டுவதற்குத் தண்ணீர் இல்லை.

பஞ்ச காலப் பயறு என்று எல்லோரும் புகழ்வது எவ்வளவு அரைகுறையான புகழ்ச்சி என்று இதைப் படித்தபோது தோன்றியது. மழை பொய்த்தாலும் கொடி காய்க்கும். ஆனால் அதே மழை பொய்த்ததால் கிணறும் வற்றியிருக்கும்.

டப்பாவில் வரும் பூனைக்காலி

நகரத்தில் இருப்பவர்களுக்குப் பூனைக்காலி பானையில் வருவதில்லை. பொடியாக, கேப்ஸ்யூலாக வருகிறது. ஆண்மைக்கு, தசைக்கு, மனச்சோர்வுக்கு, ‘டோபமின் பூஸ்டர்’ என்று விதவிதமான வாக்குறுதிகளோடு. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் இந்த விதைக்கு நெடுங்கால இடம் உண்டு. அங்கே பாலில் வேகவைத்துத் தோலுரித்துச் சுத்தி செய்து, மற்ற சரக்குகளோடு, அளவோடு, வைத்தியரின் பார்வையில் கொடுப்பார்கள். எல்-டோபாவை முழுதாக வெளியேற்றுவது அதன் நோக்கமில்லை. மருந்தில் மருந்து இருக்கத்தானே வேண்டும்.

குழப்பம் இங்கேதான் நடக்கிறது. உணவாகச் சாப்பிடும்போது டோபாவை முடிந்தவரை விரட்ட வேண்டும். மருந்தாகச் சாப்பிடும்போது அது அளவோடு இருக்க வேண்டும். சத்து மாவு போலப் பாலில் இரண்டு ஸ்பூன் கலக்கிக் குடிக்கும் பச்சை விதைப் பொடி இரண்டுமில்லை. புரதத்துக்கு என்று நினைத்துக் குடித்தால் இரண்டு ஸ்பூனில் கிடைக்கும் புரதம் இரண்டு மூன்று கிராம்கூடத் தேறாது. டோபா மட்டும் மாத்திரைக் கணக்கில் உள்ளே போகும்.

பார்க்கின்சனுக்கு விதை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. செய்கிறது. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனையில் 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு சராசரியாக 35 நிமிடத்தில் பலன் தர, வழக்கமான மாத்திரைக்கு 69 நிமிடம் ஆனது. அது டோபா அளவைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு, மருத்துவர்கள் பக்கத்தில் இருந்து கொடுத்தது. கடைப் பொடியில் அந்த அளவு டப்பாவுக்கு டப்பா மாறும்.

எனவே யார் தொடக் கூடாது என்ற பட்டியல் கொஞ்சம் நீளம். ஏற்கெனவே லீவோடோபா மாத்திரை எடுப்பவர்கள். மனச்சோர்வுக்கான எம்ஏஓ தடுப்பான் வகை மருந்துகள் எடுப்பவர்கள்: ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம். மனப்பிறழ்வு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள்: அந்த மருந்துகள் டோபமினை அடக்குகின்றன, இது ஏற்றிவிடும். கண்ணில் குறுகிய கோண கிளாக்கோமா உள்ளவர்கள், மெலனோமா என்ற தோல் புற்று வந்தவர்கள், இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள். ஏழு தண்ணீர் பார்த்து வேகவைத்ததையும் இவர்கள் தவிர்ப்பது நல்லது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் விடாத வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், படபடப்பு, பிதற்றல் என்று எதுவாவது வந்தால் மோரைக் குடித்துவிட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாப்பிட்டது பூனைக்காலி என்று அங்கே சொல்ல வேண்டும். விதையோ டப்பாவோ மிச்சமிருந்தால் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

என் மனைவியின் மாமாவுக்கு நாலு வருடமாகப் பார்க்கின்சன். மாத்திரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் திடீரென்று கையும் தோளும் தானாக நெளிய ஆரம்பித்தன. நோய் முற்றிவிட்டது என்று மாமி அழுதார். நரம்பியல் டாக்டர் பொறுமையாகக் கேட்டார், வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. ஒன்றுமில்லை என்றார் மாமா. இயற்கையானது கணக்கில் வராது என்பது அவர் எண்ணம். மாமிதான் பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘பூனைக்காலி விதைப் பொடி, 100 கிராம்’ என்று இருந்தது. சேமிக்கும் முறை இருந்தது, காலாவதித் தேதி இருந்தது. எல்-டோபா எத்தனை மில்லிகிராம் என்று எங்கேயும் இல்லை. "இத நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்லி, டப்பாவைத் தன் மேஜை டிராயரில் போட்டு மூடிக்கொண்டார். இரண்டு வாரத்தில் நெளிவு அடங்கிவிட்டது. டப்பாவுக்குக் கொடுத்த அறுநூறு ரூபாயைத்தான் மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.